விலைபோகாத இசைத்தட்டுகளும் வட இங்கிலாந்து ரசிகர்களும்

வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் 1960களின் பிற்பகுதியில் வேர்விட்டு, 1970களில் தழைத்த இசைப் பழக்கம் ஒன்றுக்கு நார்தர்ன் சோல் என்று பெயர். கேட்டால் ஓர் இசை வகையின் பெயர்போலத் தோன்றும். ஆனால் அந்த இசையை உருவாக்கியவர்களுக்கு அப்படியொரு பெயர் இருப்பதே பல ஆண்டுகள் தெரியாது. பாடியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். பாட்டுகள் பதிவானது டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், பிலடெல்பியா போன்ற ஊர்களில். வட இங்கிலாந்தின் பங்கு கேட்டதும் ஆடியதும்தான். சொந்த நாட்டில் வாங்க ஆளின்றிக் கிடங்குகளில் தூசி படிந்து கிடந்த தட்டுகளைத் தேடியெடுத்து, அவற்றுக்கு ஆடி, கைக்குக் கை மாற்றி, மறதியிலிருந்து மீட்டவர்கள் அங்கிருந்த ரசிகர்கள். இசை வரலாற்றைப் பாடகர், இசையமைப்பாளர், நிறுவனம் என்ற வரிசையில் எழுதுவது வழக்கம். இந்த வரலாற்றில் முதல் இடம் கேட்டவருக்கே உரியது.

அத்தனை தட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும். பெரி கோர்டி 1959இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் மோட்டவுன் என்று உலகறிந்தது. சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், டெம்ப்டேஷன்ஸ் முதலிய குழுக்களால் 1964, 1965 ஆண்டுகளில் அது பெரும் வெற்றி கண்டது. ஒரு சாதாரண வீட்டில் பதிவுக்கூடம் வைத்த கறுப்பினத் தொழில்முனைவர் நாட்டின் வெற்றிப் பட்டியலையே பிடித்துவிட்டார் என்றதும், அதே ஊரிலும் பிற ஊர்களிலும் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் முளைத்தன. டெட்ராய்ட்டில் எட் விங்கேட் நடத்திய கோல்டன் வேர்ல்டும் ரிக்-டிக்கும் அவற்றுள் பெயர்பெற்றவை. எட்வின் ஸ்டார் என்ற பாடகர் 1965இல் அறிமுகமானது ரிக்-டிக் லேபிளில்தான். லாஸ் ஏஞ்சலிஸில் மிர்வுட் இருந்தது. ஒரே ஒரு தட்டை வெளியிட்டுவிட்டுக் கடையைக் கட்டிய லேபிள்களுக்குக் கணக்கே இல்லை.

இந்தச் சிறு லேபிள்களின் தட்டுகள் தரத்தில் தாழ்ந்தவை அல்ல. மோட்டவுனில் சம்பளத்துக்கு வாசித்த கலைஞர்களே, நிர்வாகத்துக்குத் தெரியாமல் இரவு நேரங்களில் போட்டி நிறுவனங்களின் பதிவுக்கூடங்களுக்குப் போய் வாசித்தார்கள். அதனால் அதே டிரம்ஸ் அடி, அதே பேஸ் கிட்டார், அதே தம்புரின் ஓசை இந்தத் தட்டுகளிலும் கேட்கும். குறை விற்பனையில் இருந்தது. சிறு நிறுவனம் ஐந்நூறு, ஆயிரம் தட்டுகளை அச்சிட்டு வானொலி நிலையங்களுக்குச் சில பிரதிகளை இலவசமாக அனுப்பும். வானொலியில் பாட்டு ஒலிக்கவில்லை என்றால் கடைக்காரர் எடுக்க மாட்டார். கடைக்காரர் எடுத்தாலும், அடுத்த வெற்றித் தட்டு கையில் இல்லாத நிறுவனத்துக்கு விநியோகஸ்தர் பணத்தை இழுத்தடித்துத்தான் தருவார். முதல் தட்டு தோற்றால் இரண்டாம் தட்டுக்கு முதல் இருக்காது. பாடகர் கார்த் தொழிற்சாலைக்கோ தேவாலயப் பாடற்குழுவுக்கோ திரும்பிவிடுவார். தட்டுகள் கிடங்குக்குப் போகும். 1960களின் இறுதியில் அமெரிக்க ரசனையும் மாறியது. கறுப்பின இளைஞர்கள் ஜேம்ஸ் பிரவுன் வழியில் ஃபங்க் இசைக்கு நகர்ந்தார்கள். ஐந்தே ஆண்டு பழைய வேகத்தாளப் பாட்டு அங்கே செத்த சரக்காகிவிட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் அந்தத் தாளம்தான் தேவைப்பட்டது. மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல் என்ற கிளப் 1963 ஜனவரியில் பிரேசனோஸ் தெருவில் திறந்து, 1965இல் விட்வொர்த் தெருவுக்கு இடம்பெயர்ந்தது. மது கிடையாது, காபியும் குளிர்பானமும்தான். சனி இரவு தொடங்கி ஞாயிறு காலை வரை இடைவிடாமல் இசை ஒலிக்கும். இதற்கு ஆல்நைட்டர் என்று பெயர். ஆலையிலும் பட்டறையிலும் வாரம் முழுவதும் வேலை பார்த்த இளைஞர்கள் ஆடுவதற்கென்றே அங்கே கூடினார்கள். விடியும்வரை ஆட வேகமான, நிமிர்ந்த நாலடித் தாளம் வேண்டும். ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளின் உதவியும் பலருக்கு வேண்டியிருந்தது. இந்தப் பண்பாட்டின் மீது கடைசிவரை விழுந்திருந்த நிழல் அது. காவல்துறைச் சோதனைகளுக்கும் கிளப்புகள் மூடப்பட்டதற்கும் பெரிய காரணம். வீலின் தொடக்ககால டி.ஜே. ரோஜர் ஈகிள் ப்ளூஸ், ஜாஸ், ஸ்கா எல்லாவற்றையும் கலந்து போட விரும்பியவர். கூட்டம் வேகப் பாட்டை மட்டுமே கேட்டதால் சலித்து 1966 வாக்கில் விலகினார். அவர் விலகியது ஒரு திருப்பம். எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதை ஆடுகளம் முடிவு செய்யத் தொடங்கியது அப்போதுதான்.

லண்டன் அந்த ஆண்டுகளில் சைக்கடெலிக் ராக் இசைக்கு மாறிவிட்டது. வடக்கு மாறவில்லை. இந்த வேறுபாட்டை முதலில் கவனித்தவர் டேவ் காடின். இளமையிலேயே அமெரிக்கக் கறுப்பின இசையில் மனம் பறிகொடுத்தவர். பிரிட்டனில் மோட்டவுனுக்கு ரசிகர் சங்கம் அமைத்து, அதன் வழியாகப் பெரி கோர்டியின் அழைப்பில் டெட்ராய்ட் வரை போய்வந்தார்; நிறுவனத்துக்கு ஆலோசனையும் சொன்னார். பிரிட்டனில் 1965இல் டாம்லா மோட்டவுன் என்ற லேபிள் தனியாகத் தொடங்கியதில் அவருக்குப் பங்குண்டு. ஒரு ரசிகரின் கடிதம் ஒரு நிறுவனத்தின் வணிக முடிவாக மாறியது அபூர்வமான செய்தி. பின்னர் லண்டனில் சோல் சிட்டி என்ற தட்டுக்கடையை நடத்தினார். கால்பந்துப் போட்டி பார்க்க வடக்கிலிருந்து வந்த ரசிகர்கள் கடைக்கு வந்தால் புதுத் தட்டுகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பழைய வேகத்தாளப் பாட்டுகளையே கேட்டார்கள். அவர்களுக்கான தட்டுகளைத் தனியாக எடுத்துவைக்கும்படி கடைப் பணியாளர்களுக்குச் சொல்வதற்காக ‘நார்தர்ன் சோல்’ என்ற தொடரை 1968இல் பயன்படுத்தினார். 1970இல் ‘ப்ளூஸ் அண்ட் சோல்’ இதழில் அவர் எழுதிவந்த பத்தியில் அது அச்சேறியது. சில மாதங்களில், 1971 ஜனவரியில், ட்விஸ்டட் வீல் மூடப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது.

வீலில் ஒலித்த பாட்டுகளில் பல பிரிட்டனிலேயே அச்சாகிக் கடைகளில் கிடைத்தவை. அவை தீர்ந்துபோன இடத்தில்தான் உண்மையான தேடல் தொடங்குகிறது. வாரந்தோறும் வருகிற கூட்டத்துக்குப் புதுப்பாட்டு வேண்டும். ஆனால் அந்த வகைப் பாட்டை அமெரிக்காவில் யாரும் இப்போது பதிவு செய்வதில்லை. ஆகவே புதுப்பாட்டு என்றால் இதுவரை யாரும் கேட்டிராத பழைய பாட்டு என்று பொருளாயிற்று. வேறெந்த இளைஞர் இசைக்கும் இப்படியொரு விதி அமைந்ததில்லை. முன்னேறுவதற்குப் பின்னோக்கித் தோண்ட வேண்டியிருந்தது.

தோண்டும் முறைகள் பல. சந்தைக் கடைகளில் அமெரிக்க மிச்சச் சரக்கு மலிவாக வரும். விற்பனையிலிருந்து நீக்கப்பட்டதற்கு அடையாளமாக லேபிளில் துளையிட்ட தட்டுகள் அவை. நடுவில் பெரிய ஓட்டையுள்ள அமெரிக்க 45 வேகத் தட்டை பிரிட்டிஷ் பிளேயரில் போட பிளாஸ்டிக் வில்லை ஒன்றை நடுவில் பொருத்த வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் அஞ்சல் வழியாக விற்பனைப் பட்டியல்களை வரவழைத்தார்கள். தட்டச்சு செய்து நகலெடுத்த அந்தத் தாள்கள் வந்த அன்றே முந்திக்கொள்ளாவிட்டால் நல்லவை போய்விடும். கிங்ஸ் லின் நகரில் ஜான் ஆண்டர்சன் நடத்திய சோல் போல் நிறுவனம் அமெரிக்கக் கிடங்குகளிலிருந்து தட்டுகளை மொத்த மொத்தமாக இறக்குமதி செய்தது. பல டி.ஜே.க்களின் புகழ்பெற்ற பாட்டுகள் அங்கிருந்து வந்தவை. சிலர் தாங்களே விமானம் ஏறினார்கள். மூடிய கடைகளின் நிலவறைகளிலும் விநியோகஸ்தர்களின் பழைய கிடங்குகளிலும் ஆயிரக்கணக்கான தட்டுகளைப் புரட்டி, பெட்டிக் கணக்கில் விலை பேசி, பெரும்பாலும் கேட்டுப் பார்க்காமலே வாங்கினார்கள்.

கேட்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் ரசிகரின் கல்வி வெளிப்படுகிறது. லேபிளின் பெயர், ஊர், பாட்டெழுதியவர், தயாரித்தவர், இசையை ஒழுங்குபடுத்தியவர் என்று தட்டின் நடுத்தாளில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஒரு நல்ல பாட்டின் தயாரிப்பாளர் பெயர் தெரியாத இன்னொரு லேபிளில் தென்பட்டால் அதை எடுத்துவிடுவார்கள். இசை முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் ஊசியால் கீறிய எண்ணைப் பார்த்தே அசலா, கள்ள அச்சா என்று சொல்வார்கள். எந்த லேபிள் எந்த எண்ணில் என்ன வெளியிட்டது என்ற அட்டவணைகளைத் தாங்களே தயாரித்து, சுற்றுக்கு விடும் சிறு இதழ்களில் அச்சிட்டார்கள். அந்த நிறுவனங்களே தங்கள் ஆவணங்களைத் தொலைத்துவிட்ட நிலையில், அமெரிக்கச் சிறு லேபிள்களின் வரலாற்றில் கணிசமான பகுதி லங்காஷயரிலும் ஸ்டாஃபர்ட்ஷயரிலும் கூலிவேலை பார்த்தவர்களின் குறிப்பேடுகளில்தான் பிழைத்தது. பல்கலைக்கழகம் எதுவும் அப்போது இதைச் செய்யவில்லை.

வீல் மூடியபின் மையம் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பகுதியின் டன்ஸ்டாலில் இருந்த கோல்டன் டார்ச்சுக்கு நகர்ந்தது. 1972 மார்ச்சில் தொடங்கிய அதன் ஆல்நைட்டர்கள் ஓராண்டே நீடித்தன, உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த ஓராண்டில் சிகாகோ பாடகர் மேஜர் லான்ஸ் அங்கே நேரில் பாடி, அது நேரடி இசைத்தொகுப்பாகவும் வெளிவந்தது. சொந்த ஊரில் வாய்ப்புகள் குறைந்துவிட்ட ஒருவர், பெயரே கேள்விப்படாத ஒரு பீங்கான் தொழில் நகரத்தில், தன் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் அறிந்த கூட்டத்தின் முன் நின்றார்.

தேடிக் கண்டெடுத்ததைப் பகிர்வது எப்படி என்பதில்தான் சிக்கல். யாரிடமும் இல்லாத ஒரு பாட்டு ஒரு டி.ஜே.யிடம் இருந்தால், அதைக் கேட்கவென்றே ஆட்கள் நூறு மைல் பயணம் செய்து வருவார்கள். பெயர் தெரிந்துவிட்டால் போட்டியாளர்களும் தேடத் தொடங்குவார்கள். கள்ள அச்சாளரும் விழித்துக்கொள்வார். எனவே தட்டின் லேபிள்மீது வெள்ளைத் தாள் ஒட்டி, பாடகருக்கும் பாட்டுக்கும் வேறு பெயர் சூட்டி அறிவிக்கும் வழக்கம் வந்தது. கவர்-அப் என்று அதைச் சொன்னார்கள். 1950களில் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் நடத்துநர்கள் இதையே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தட்டின் லேபிளைச் சுரண்டிவிட்டுத் தாங்கள் வைத்த பெயரில் போடுவார்கள். கிங்ஸ்டன் தெருக்களுக்கும் லங்காஷயர் அரங்குகளுக்கும் பொதுவாக இருந்தது கிடைத்தற்கரிய தட்டு தந்த அதிகாரம்.

கவர்-அப் பழக்கத்தை வெறும் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. பாட்டு எல்லோருக்கும் கிடைத்தது. மறைக்கப்பட்டது அதன் முகவரி மட்டும். மறைக்கப்பட்டதைக் கண்டுபிடிக்கும் வேட்கை மற்ற ரசிகர்களை மேலும் தேடவைத்தது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் பாடகர். தன் குரலுக்குப் பல நூறு பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது, அறிவிக்கப்படுவது வேறொருவர் பெயர்.

ஃபிராங்க் வில்சனின் கதை இதற்கு நல்ல சான்று. மோட்டவுனில் பாட்டெழுதுபவராக இருந்த அவர் 1965இல் ‘டூ ஐ லவ் யூ’ என்ற பாட்டைத் தாமே பாடிப் பதிவு செய்தார். நிறுவனத்தின் துணை லேபிளான சோல் அதை வெளியிட இருந்தது. மாதிரிப் பிரதிகள் சுமார் 250 அச்சாகின. வில்சன் பாடகராவதைவிடத் தயாரிப்பாளராக இருப்பதே மேல் என்ற முடிவில் வெளியீடு கைவிடப்பட்டு, பிரதிகள் அழிக்கப்பட்டன. அவர் பின்னர் சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், எடி கெண்ட்ரிக்ஸ் ஆகியோருக்கு முக்கியமான தயாரிப்பாளரானார். 1970களின் நடுவில் இசைத்தொழிலை விட்டுக் கிறித்தவ ஊழியத்துக்குப் போனார். தப்பிப் பிழைத்த ஒரு பிரதி மோட்டவுன் ஆவணக் காப்பிலிருந்து வெளியேறி, சைமன் சூசான் என்ற தட்டு வணிகரின் கைக்கு வந்தது. 1970களின் பிற்பகுதியில் வட இங்கிலாந்து அரங்குகளில் அந்தப் பாட்டு எடி ஃபாஸ்டர் என்ற பெயரில் ஒலித்தது. உண்மைப் பெயர் வெளிப்பட்டதும் வேட்கை பெருகி, 1979இல் பிரிட்டிஷ் டாம்லா மோட்டவுன் லேபிளே அதை முறைப்படி வெளியிட்டது. அசல் பிரதி ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு ஏலம்போனது. 2020இல் கைமாறிய ஒரு பிரதியின் விலை ஒரு லட்சம் பவுண்டைத் தொட்டது. வில்சன் 2012இல் காலமானார்.

அரிய தட்டைக் கையில் வைத்திருந்தவர் அதை நகலெடுக்கவும் வழி இருந்தது. ஈஎம்ஐ நிறுவனத்தின் வெற்றுத் தட்டுகளில் ஒரே ஒரு பிரதி வெட்டித் தரும் கூடங்கள் இருந்தன. அப்படி வெட்டியதை எமிடிஸ்க் என்றார்கள். இருபது, முப்பது முறை ஓடினால் தேய்ந்துவிடும் என்றாலும், நெருங்கிய நண்பர்களான டி.ஜே.க்களுக்கிடையே பாட்டைப் பரிமாற அது போதும். அடுத்த படி கள்ள அச்சு. ஒரு பாட்டு ஆடுகளத்தில் பிரபலமானதும் யாரோ ஒருவர் சில ஆயிரம் பிரதிகளை அனுமதியின்றி அச்சிட்டு விற்பார். ஐம்பது பவுண்டு கொடுத்து அசலை வாங்க முடியாத பதினேழு வயது ஆலைத்தொழிலாளிக்கு அந்த மலிவுப் பிரதிதான் கதி. பாடகருக்கோ பாட்டெழுதியவருக்கோ ஒரு காசும் போகாது. கள்ள அச்சு வந்துவிட்ட பாட்டை அன்றோடு நிறுத்திவிடுவதும், அசல் தட்டை மட்டுமே இயக்குவதும் மதிப்புமிக்க டி.ஜே.க்களின் நெறியாயிற்று. அதில் கலைஞர்மீதான மரியாதையும் இருந்தது. அரிய பொருளை வைத்திருப்பவரின் பெருமிதமும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம்.

இவை எல்லாம் உச்சத்தை அடைந்த இடம் விகன் கேசினோ. எம்பிரஸ் பால்ரூம் என்று கட்டப்பட்ட பழைய நடன மாளிகை அது. நிலக்கரியும் பருத்தியும் நலிந்துகொண்டிருந்த ஊர். 1973 செப்டம்பர் 23, ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு, உள்ளூர் டி.ஜே. ரஸ் வின்ஸ்டன்லியின் முயற்சியில் முதல் ஆல்நைட்டர் நடந்தது. வழக்கமான சனி இரவுக் கேளிக்கை முடிந்து மதுக்கூடம் மூடியபின், காலை 8 வரை. மற்ற கிளப்புகள் கதவடைத்தபின் திறந்த இடம் என்பதால் ஸ்காட்லாந்திலிருந்தும் மிட்லண்ட்ஸிலிருந்தும் பேருந்திலும் ரயிலிலும் கூட்டம் வந்தது. கையில் ஒரு பை. அதில் மாற்று உடை, துவாலை, டால்கம் பவுடர். மரத்தளத்தில் பவுடரைத் தூவினால் தோல் அடிப்பாகம் கொண்ட காலணி வழுக்கிக்கொண்டு போகும். அகலமான பேகி கால்சட்டை சுழலும்போது விரியும். சுழற்சி, உதை, பின்னோக்கி விழுந்து கைகளால் தாங்கி எழுவது என்று ஆண்கள் பெரும்பாலும் தனித்தனியாக ஆடினார்கள். இணை தேடும் நடனமல்ல அது. நல்ல பாட்டு முடிந்தால் கூட்டம் கைதட்டும், மேடையில் யாரும் இல்லாவிட்டாலும்.

ஆடுகளத்துக்கு மேலே இருந்த மாடமும் அதே அளவு முக்கியம். அங்கே தட்டுப்பெட்டிகளைத் திறந்துவைத்து வாங்கவும் விற்கவும் மாற்றவும் செய்தார்கள். கீழே புதிதாக ஒரு பாட்டு ஒலித்தால், அது என்ன, எந்த லேபிள், எத்தனை பிரதி இருக்கும் என்ற விசாரணை மேலே தொடங்கிவிடும். ஒலிநாடாக் கருவியை இடுக்கிக்கொண்டு வந்து டி.ஜே.யின் வரிசையை முழுதாகப் பதிந்து போகிறவர்களும் உண்டு. இரைச்சலும் கைதட்டலும் கலந்த அந்த நாடாக்கள் வாரநாட்களில் கைமாறி, வர முடியாதவர்களுக்கும் பாட்டைக் கொண்டுசேர்த்தன. இரவு முடிவதற்கு ஒரு மரபு இருந்தது. ஜிம்மி ராட்க்லிஃப், டோபி லெஜெண்ட், டீன் பாரிஷ் ஆகியோரின் மூன்று பாட்டுகள் எப்போதும் கடைசியில் வரும். எட்டுக்கு முன் மூன்று என்று அவற்றுக்குப் பெயர். சட்டையிலும் பையிலும் தைத்த வட்டச் சின்னங்களில் இறுகிய கறுப்பு முஷ்டி இருந்தது. அமெரிக்கக் கறுப்பின விடுதலை இயக்கத்தின் அடையாளத்தை, அநேகமாக வெள்ளையரான ஒரு தொழிலாளர் கூட்டம் அணிந்திருந்தது. பலருக்கு அதன் அரசியல் முழுமையாகத் தெரிந்திருக்காது. டேவ் காடின் போன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். அமெரிக்க இனவெறியைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதினார்.

விகனோடு பிளாக்பூல் மெக்காவின் ஹைலண்ட் ரூமையும் சேர்த்தே பேச வேண்டும். அங்கே டி.ஜே.க்கள் இயன் லெவினும் காலின் கர்ட்டிஸும். லெவின் வசதியான குடும்பத்துப் பிள்ளை. மயாமிக்கு விடுமுறைக்குப் போனபோதெல்லாம் தட்டுகளை அள்ளிவந்தவர். 1970களின் நடுவில் அவர் ஒரு கேள்வியை எழுப்பினார். அறுபதுகளின் நல்ல தட்டுகள் வற்றிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கச் சிறு நிறுவனங்கள் இன்று வெளியிடும் நல்ல பாட்டுகளையும் ஏன் கேட்கக் கூடாது? கார்ஸ்டேர்ஸ் குழுவின் 1973ஆம் ஆண்டுப் பாட்டொன்றை மயாமி வானொலியில் கேட்டு, தேடிப் பிடித்துக் கொண்டுவந்து போட்டார். மெக்கா அதை ஏற்றது. விகன் ரசிகர்களில் பலர் கொதித்தார்கள். லெவின் வெளியேற வேண்டும் என்ற பதாகைகள்கூடத் தென்பட்டன. பழையதைக் காப்பதா, அறியப்படாததைத் தேடுவதா என்பதே இந்தப் பிளவின் அடிநாதம். தேடல் என்ற குணத்தால் பிறந்த கூட்டம், ஒரு குறிப்பிட்ட தாளத்தின்மீதான பற்றால் அந்தக் குணத்தையே சுருக்கிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தது. லெவினின் பக்கமே நியாயம் கூடுதலாக இருந்தது என்று சொல்லலாம். மெக்காவில் ஒலித்தவை பின்னாளைய டிஸ்கோ, நடன இசை நோக்கிக் கதவு திறந்தன.

பெரிய நிறுவனங்கள் இதைக் கவனிக்காமல் இருக்கவில்லை. டாம்ஸ் குழு 1964இல் பதிவு செய்த பாட்டு வடக்குக் கிளப்புகளின் ஆதரவால் 1971இல் பிரிட்டனின் முதலிடம் பிடித்தது. ஆர். டீன் டெய்லரின் 1967ஆம் ஆண்டுத் தோல்விப் பாட்டு 1974இல் மூன்றாம் இடம் வரை ஏறியது. மறுவெளியீட்டால் அசல் பாடகருக்கும் ஏதோ பலன் இருந்தது. 1975இல் நிலைமை கீழிறங்கியது. ஒரு பழைய கருவியிசைப் பதிவின் வேகத்தைக் கூட்டி, கால்பந்து மைதான ஆரவாரத்தைச் சேர்த்து, விகன்ஸ் சோசன் ஃபியூ என்ற பெயரில் வெளியிட்டார்கள். அது முதல் பத்துக்குள் வந்தது. தொலைக்காட்சியில் அதற்கு ஆடிக் காட்டினார்கள். பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்ததை யாரோ கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் உண்மை இருந்தது. டோனி பால்மர் 1977இல் கிரனாடா தொலைக்காட்சிக்காக எடுத்த ஆவணப்படம் இதற்கு நேர்மாறு. நலிந்த ஆலைகளின் காட்சிகளுக்கிடையே நடனத்தை வைத்து, அந்த இரவுகளின் காரணத்தைக் காட்டியது அது.

ஒரு தட்டு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு குளோரியா ஜோன்ஸின் ‘டெய்ண்டட் லவ்’ போதும். எட் காப் எழுதியது. 1965இல் ஒரு தட்டின் இரண்டாம் பக்கத்தில் வெளியாகி எவர் கண்ணிலும் படாமல் போனது. ரிச்சர்ட் சியர்லிங் என்ற டி.ஜே. 1973இல் தட்டு வாங்கப் பிலடெல்பியா போனபோது அதைக் கண்டெடுத்தார். வட இங்கிலாந்தில் அது எல்லோரும் அறிந்த பாட்டாயிற்று. அதைக் கேட்டு வளர்ந்தவர்களில் பிளாக்பூல்காரரான டேவ் பாலும் ஒருவர். அவரும் மார்க் ஆமண்டும் சேர்ந்த சாஃப்ட் செல் இணை 1981இல் அதை சிந்தசைசரில் மீண்டும் பாடி பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 43 வாரம் நின்றது. சொந்த நாட்டில் தோற்ற பாட்டு, விகன் வழியாகச் சுற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கே திரும்பிப் போய் வென்றது.

அதே 1981இன் டிசம்பர் 6 அன்று விகன் கேசினோவின் கடைசி ஆல்நைட்டர் நடந்தது. வழக்கமான மூன்று பாட்டுகள் முடிந்தபின்னும் கூட்டம் கலைய மறுத்ததால், ஃபிராங்க் வில்சனின் பாட்டை வின்ஸ்டன்லி போட்டார். கட்டடம் பின்னர் தீவிபத்துக்குள்ளாகி இடிக்கப்பட்டது.

அத்துடன் தேடல் நிற்கவில்லை, இன்னும் நுட்பமானது. ஸ்டாஃபர்டில் டாப் ஆஃப் தி வேர்ல்ட் அரங்கில் 1982 முதல் 1986 வரை நடந்த ஆல்நைட்டர்களில், தேய்ந்த வெற்றிப் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, இதுவரை யாரும் போடாத அறுபதுகளின் தட்டுகளையே போடுவது என்று இளம் டி.ஜே.க்கள் பிடிவாதமாக நின்றார்கள். வேகம் குறைந்த, உருக்கமான பாட்டுகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. லண்டனில் ஏடி கிராஸ்டெல் 1979இல் தொடங்கிய சோல் இரவுகள் 100 கிளப்பில் நிலைபெற்றுப் பல பத்தாண்டுகள் நீடித்தன.

கிராஸ்டெல் வழியாகத் தேடல் தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கு நகர்ந்தது. ஏஸ் நிறுவனம் 1982இல் தொடங்கிய கென்ட் லேபிளுக்காக, அமெரிக்க நிறுவனங்களின் காப்பறைகளில் கிடந்த மூல நாடாக்களை அவர் கேட்டுப் பார்க்கத் தொடங்கினார். தட்டாகவே வெளிவராத பதிவுகள் அங்கே இருந்தன. மெல்பா மூர் அறுபதுகளில் பாடி வெளியாகாமல் இருந்த ‘மேஜிக் டச்’ 1986இல் 100 கிளப்பின் ஆண்டுவிழாத் தட்டாக வந்து பெரும் வரவேற்புப் பெற்றது. உரிமைக்குப் பணம் செலுத்தி, ஒப்பந்தம் எழுதி, அசல் நாடாவிலிருந்து வெளியிடும் இந்த முறையில் கள்ள அச்சுக்கு இடமில்லை. டேவ் காடினும் இதே லேபிளுக்காக 1997 முதல் அரிய சோல் பாட்டுகளின் தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்துத் தந்தார். 2004இல் இறக்கும்வரை அந்தப் பணி தொடர்ந்தது. தொகுப்புகளோடு வரும் சிறு கையேட்டில் பாடியவர் யார், எந்த ஊர், எந்தக் கூடத்தில் பதிவானது, எந்த ஆண்டு, யார் எழுதியது என்ற விவரங்கள் புகைப்படங்களுடன் இருக்கும். அவற்றைச் சேகரிக்கத் தொலைபேசிப் புத்தகங்களைப் புரட்டி, பாடகர்களின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்து, நேரில் பேசி எழுதினார்கள். ஓய்வுபெற்ற பாடகர்கள் சிலர் தங்கள் இருபதாவது வயதில் பாடியதை எழுபதாவது வயதில் இங்கிலாந்து மேடைகளில் பாட அழைக்கப்பட்டார்கள். வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்த காலத்தில் விடுபட்ட பெயர்கள் பலவும் இந்தக் கையேடுகளில் அச்சாகியுள்ளன.